எந்தப் பிரதியைப் பார்த்தீர்கள்?

சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, புதுச்சேரியில் முனைவர் பட்ட ஆய்வு செய்யும் மாணவர் ஒருவர் கடலூர் மஞ்சக்குப்பத்தில் உள்ள என் வீட்டுக்குத் தம் ஆய்வேட்டின் வரைவோடு வந்தார். திராவிட இயக்கத்தின் மேடைப்பேச்சும் திரைப்பட வசனமும் ஒன்றையொன்று எப்படி வளர்த்தன என்பது அவருடைய ஆய்வுப்பொருள். ஆய்வேடு எதுவாயினும் முதலில் துணைநூற்பட்டியலைப் படிப்பது நீண்ட காலக் கற்பித்தலில் எனக்கு ஏற்பட்ட பழக்கம். ஒருவர் எதையெல்லாம் கையில் வைத்துக்கொண்டு எழுதினார் என்பது அங்கேதான் தெரியும். நூல்களின் பட்டியலில் பதிப்பகம், ஊர், பதிப்பு, ஆண்டு எல்லாம் ஒழுங்காக இருந்தன. 'திரைப்படங்கள்' என்ற தலைப்பின்கீழ் முதல் பதிவு இவ்வாறு இருந்தது: பஞ்சு, கிருஷ்ணன். (2014). பராசக்தி.

இப்படி ஒரு மனிதர் இருந்ததில்லை. கிருஷ்ணன்-பஞ்சு என்பது ஆர். கிருஷ்ணன், எஸ். பஞ்சு என்னும் இரண்டு இயக்குநர்கள் சேர்ந்து வழங்கிய பெயர். மேற்கோள் பட்டியலைத் தானாக அமைத்துத் தரும் மென்பொருள், பின்னால் நின்ற சொல்லைக் குடும்பப் பெயர் என்று கருதி முன்னால் தள்ளி, இருவரையும் ஒருவராக்கிவிட்டது. 'பராசக்தி' வெளிவந்தது 1952-ஆம் ஆண்டு அக்டோபர் 17, தீபாவளி நாளில். 2014 என்பது யாரோ ஒருவர் அதை யூடியூபில் ஏற்றிய ஆண்டு. இவ்விரண்டு பிழைகளையும் ஒரு நிமிடத்தில் திருத்திவிடலாம். எனக்குப் பெரிதாகப் பட்டது மூன்றாவது. வசனத்தைப் பற்றிய ஆய்வேட்டில், அந்த வசனத்தை எழுதிய மு. கருணாநிதியின் பெயர் அந்தப் பதிவில் இல்லை. படத்துக்கு மூலமாக இருந்த நாடகத்தை எழுதிய பாவலர் பாலசுந்தரத்தின் பெயரும் இல்லை.

மாணவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஒரு நூலை எப்படிச் சுட்டுவது என்று நாங்கள் அவர்களுக்கு இரண்டு பருவம் கற்பிக்கிறோம். திரைப்படம் என்று வந்தால் பெயரையும் ஆண்டையும் அடைப்புக்குறிக்குள் போட்டால் போதும் என்று விட்டுவிடுகிறோம். துறை கொடுத்த விதிமுறையை அவர் மீறவும் இல்லை. அமெரிக்க உளவியல் சங்கம் வகுத்த ஏ.பி.ஏ. (APA) என்னும் மேற்கோள் முறையின் ஏழாம் பதிப்பு, 2019-இல் வந்தது, திரைப்படத்துக்கு இயக்குநரை நூலாசிரியரின் இடத்தில் வைக்கச் சொல்கிறது. அதற்கு முந்தைய ஆறாம் பதிப்பு தயாரிப்பாளரின் பெயரையும், படம் எந்த நாட்டில் எடுக்கப்பட்டது என்பதையும் சேர்த்துக் கேட்டது. மொழி, இலக்கியத் துறையினர் பின்பற்றும் எம்.எல்.ஏ. (MLA) என்னும் மேற்கோள் முறை இவற்றைவிட நெகிழ்வானது. படத்தின் பெயரிலிருந்து தொடங்கலாம், ஒருவருடைய பங்களிப்பைப் பற்றியே எழுதுகிறோம் என்றால் அவர் பெயரிலிருந்தும் தொடங்கலாம்.

இயக்குநரே படத்தின் ஆசிரியர் என்ற எண்ணம் தமிழ்ப் படங்கள் பலவற்றுக்குப் பொருந்துவதில்லை என்பது என் கருத்து. 'பராசக்தி' யாருடைய படம் என்று எங்கள் தெருவில் வயதானவர்களைக் கேட்டால், கலைஞர் வசனம் எழுதிய படம் என்பார்கள், அல்லது சிவாஜியின் முதல் படம் என்பார்கள். புதுச்சேரிக்கே உரிய ஓர் எடுத்துக்காட்டும் உண்டு. பாரதிதாசனின் 'எதிர்பாராத முத்தம்' காவியத்தைக் கொண்டு சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ் 1950-இல் 'பொன்முடி' என்ற படத்தை எடுத்தது. இயக்கியவர் அமெரிக்கரான எல்லிஸ் ஆர். டங்கன். பாரதிதாசனின் கவிதை திரைக்கு எப்படிப் போயிற்று என்று ஆராயும் ஒருவர் விதியை அப்படியே பின்பற்றினால், பட்டியலில் டங்கன் இருப்பார், பாரதிதாசன் இருக்க மாட்டார். பாடல்களின் நிலை இன்னும் மோசம். பட்டுக்கோட்டை கல்யாணசுந்தரம் எழுதி, டி.எம். சௌந்தரராஜன் பாடிய ஒன்றை 'எம்.ஜி.ஆர். பாட்டு' என்று ஆய்வுக் கட்டுரையிலேயே எழுதியவர்களை நான் திருத்தியிருக்கிறேன். விதியை உடைக்க வேண்டியதில்லை. துறை கேட்டபடி இயக்குநரை முன்னால் வைத்துவிட்டு, 'வசனம்: மு. கருணாநிதி' என்று அடுத்து ஒரு சொற்றொடரைச் சேர்த்தால் எந்தத் தேர்வாளரும் மறுக்கப் போவதில்லை. நாம் எவருடைய உழைப்பை எடுத்தாளுகிறோமோ அவருடைய பெயர் அங்கே இருக்க வேண்டும்.

படப்பெயரைச் சாய்வெழுத்தில் அச்சிட வேண்டும் என்ற விதியைப் பற்றி ஒரு சொல். தமிழ் எழுத்துக்குச் சாய்வெழுத்து மரபு கிடையாது. கணினியில் சாய்த்தால் எழுத்து நொண்டுவதுபோல் தெரிகிறது. ஒற்றை மேற்கோள் குறி போதும்.

இந்த விஷயத்தில் நான் இவ்வளவு அக்கறை காட்டுவதற்குக் காரணம் 1993-இல் நடந்த ஒன்று. அப்போது நான் ஆய்வியல் நிறைஞர் பட்டத்துக்காக ஜெயகாந்தனின் படைப்புகளை எடுத்துக்கொண்டிருந்தேன். அவர் 1934-இல் இதே மஞ்சக்குப்பத்தில் பிறந்தவர் என்பதில் எங்கள் ஊர்க்காரர்களுக்கு இருக்கும் பெருமை எனக்கும் உண்டு. அவர் தம் 'உன்னைப்போல் ஒருவன்' நாவலைத் தாமே இயக்கிப் படமாக எடுத்தார். சத்யஜித் ராயின் 'சாருலதா' முதல் பரிசு பெற்ற அதே ஆண்டின் தேசிய விருதுகளில் அந்தப் படம் மூன்றாவது சிறந்த படமாகத் தேர்ந்தெடுக்கப்பட்டது. நாவலும் படமும் என்று ஓர் இயல் எழுதாமல் அந்த ஆய்வேடு முழுமை பெறாது என்று நான் நினைத்தேன்.

படம் எங்கும் கிடைக்கவில்லை. திருப்பாதிரிப்புலியூரில் இருந்த வீடியோ கேசட் வாடகைக் கடைகள் எல்லாவற்றிலும் கேட்டேன். பேருந்தேறிப் புதுச்சேரிக்குப் போய் அங்கும் கேட்டேன். கடைக்காரர்கள் அப்படி ஒரு படத்தைக் கேள்விப்பட்டதே இல்லை. கையில் இருந்தது நாவல். அதனுடன் ஜெயகாந்தன் தம் திரையுலக நாட்களைப் பற்றி எழுதிய 'ஓர் இலக்கியவாதியின் கலையுலக அனுபவங்கள்' என்ற நூலும், பழைய இதழ்களில் படித்த இரண்டு மூன்று கட்டுரைகளும் இருந்தன. அவற்றை வைத்துக்கொண்டு பதினான்கு பக்கம் எழுதினேன். காட்சி எப்படித் தொடங்குகிறது, சேரியின் ஒலி எப்படிப் பதிவாகியிருக்கிறது, பாத்திரங்களின் முகம் எவ்வளவு நெருக்கத்தில் காட்டப்படுகிறது என்றெல்லாம் எழுதினேன். பிறர் எழுதிய சொற்களிலிருந்து மனத்துக்குள் ஒரு படத்தை உண்டாக்கி, அதைத்தான் விவரித்தேன் என்பது எழுதும்போது எனக்கே தெரியவில்லை. அடிக்குறிப்பில் படத்தின் பெயரையும் 1965 என்ற ஆண்டையும் போட்டேன்.

வாய்மொழித் தேர்வுக்கு வந்திருந்த புறத்தேர்வாளர் வயதில் மூத்தவர், மிக மென்மையாகப் பேசுபவர். அந்த இயலைப் பிரித்து வைத்துக்கொண்டு, "அம்மா, இந்தப் படத்தை எங்கே பார்த்தீர்கள்?" என்று கேட்டார். அவர் குரலில் குற்றச்சாட்டு இல்லை. தானும் அதைத் தேடிக்கொண்டிருக்கும் ஒருவருடைய ஆவல்தான் இருந்தது. நான் பார்க்கவில்லை என்றேன். அவர் சற்று நேரம் பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "அப்படியானால் இந்தப் பதினான்கு பக்கத்தில் யார் பார்த்ததை எழுதியிருக்கிறீர்கள்?" என்றார். அறையில் என் நெறியாளரும் மற்ற மாணவர்களும் இருந்தார்கள். எனக்குப் பதில் இல்லை. திருத்தத்துக்குப் பின் பட்டம் கிடைத்தது. அந்த இயல் ஐந்து பக்கமாகச் சுருங்கியது. அதன் முதல் வாக்கியம், 'இப்படத்தைக் காணும் வாய்ப்பு எனக்குக் கிட்டவில்லை. இங்கே சொல்லப்படுவன ஜெயகாந்தன் தாமே எழுதியவற்றிலிருந்தும் அன்றைய இதழ்க் கட்டுரைகளிலிருந்தும் அறிந்தவை' என்று அமைந்தது. நான் எழுதியவற்றிலேயே இன்றும் தயக்கமின்றிப் பிறருக்குக் காட்டக்கூடிய வாக்கியம் அது.

நூலைப் படிக்காமல் சுட்டுகிறவர்களும் உண்டுதான். நூலில் பிழை நேர்ந்தால் அடுத்தவர் அந்தப் பக்கத்தைப் பிரித்துச் சரிபார்த்துவிடலாம். 1972 பதிப்பின் 84-ஆம் பக்கம் கடலூரிலும் புதுச்சேரியிலும் காரைக்காலிலும் ஒன்றே. ஒரு திரைப்படத்தின் இரண்டு பிரதிகள் ஒன்றாக இருக்கும் என்று அப்படி நம்புவதற்கில்லை.

இதை எனக்கு முதலில் சொன்னவர் எந்தப் பேராசிரியரும் அல்லர், என் பெரியப்பா. அவர் கடலூரில் ஒரு திரையரங்கில் ஆபரேட்டராக இருந்தார். பிற்பகல் ஆட்டம் முடிந்து வீட்டுக்குச் சாப்பிட வரும்போது சட்டைப்பையில் வெட்டிய ஃபிலிம் துண்டுகள் இருக்கும். நாங்கள் அவற்றை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்ப்போம். "பாப்பா, பொட்டி நம்ம ஊருக்கு வர்றதுக்குள்ள படம் தேஞ்சி போயிடும். மெட்ராஸ்ல ஓடி, பாண்டில ஓடி, அப்பறந்தான் நம்ம கைக்கு வரும். அறுந்த எடத்த வெட்டி ஒட்டித்தான் ஓட்டணும். நாலு ஃப்ரேம் போச்சின்னா யாருக்கும் தெரியாது, நாப்பது போச்சின்னா வசனம் பாதில முழுங்கிடும்" என்பார். ஒரு விநாடிக்கு 24 ஃப்ரேம் என்ற கணக்கில் நாற்பது என்பது ஒன்றரை விநாடிக்கு மேல். வசனத்தில் ஒரு சொல்லோ இரு சொற்களோ போவதற்கு அது போதும். இரவு ஆட்டத்தில் கடைசிப் பேருந்தைப் பிடிக்க மக்கள் எழுந்துவிடுவார்கள் என்று பாட்டு ஒன்றை அரங்கிலேயே எடுத்துவிடுவதும் உண்டாம். ஆக, சென்னையில் ஒருவர் பார்த்த படமும் கடலூரில் என் அம்மா பார்த்த படமும் பெயரில் ஒன்றாக இருந்தாலும் சொல்லுக்குச் சொல் ஒன்றல்ல.

அரங்குக்கு வருவதற்கு முன்பே படம் பலவாகப் பிரிந்திருக்கும். எஸ்.எஸ். வாசன் 1948-இல் 'சந்திரலேகா'வைத் தமிழில் வெளியிட்டு, அதே ஆண்டின் இறுதியில் இந்தியிலும் வெளியிட்டார். எந்த மொழிப் படத்தைப் பார்த்து எழுதுகிறோம் என்று சொல்லாவிட்டால் எழுதியது பயன்படாது. பி.ஆர். பந்துலுவின் 'கர்ணன்' 1964-இல் வந்தது. 2012-இல் கணினிவழிப் புதுப்பிக்கப்பட்டு மறுபடி அரங்குகளுக்கு வந்தபோது என் மாணவர்கள் அதைத்தான் பார்த்தார்கள். ஒலி புதிதாக அமைக்கப்பட்ட பிரதியைப் பார்த்துவிட்டு, 1964-இன் ஒலிப்பதிவு நுட்பத்தைப் பற்றி ஒருவர் வியந்து எழுதினால் அந்த வியப்பு யாரைச் சேரும்?

இங்கே ஒரு கணக்கைச் சொல்ல வேண்டும், ஏனெனில் இதை அறியாததால் நானே ஒருமுறை ஒரு மாணவியின் நேரக்குறிப்புகள் எல்லாம் தவறு என்று அடித்துக் கொடுத்து, பின்னர் அவரிடம் வருத்தம் தெரிவிக்க நேர்ந்தது. நூலுக்குப் பக்க எண் போல, படத்துக்கு மணி, நிமிடம், விநாடி என்று காட்சியின் இடத்தைச் சுட்டும்படி இன்றைய முறைகள் கேட்கின்றன. நல்ல ஏற்பாடு. ஆனால் அரங்கில் விநாடிக்கு 24 ஃப்ரேம் வீதம் ஓடும் படத்தை, பால் (PAL) என்னும் தொலைக்காட்சி முறைக்கு மாற்றும்போது 25 ஃப்ரேம் வீதம் ஓட்டிவிடுவது வழக்கம். படம் முழுவதும் நூற்றுக்கு நான்கு பங்கு விரைகிறது. அரங்கில் சரியாக ஒரு மணி நேரத்தில் வரும் காட்சி அந்த வகை வி.சி.டி.யில் 57 நிமிடம் 36 விநாடியிலேயே வந்துவிடும். குரலும் சற்றுக் கீச்சென்று ஒலிக்கும். மாணவி தம்மிடம் இருந்த பழைய வி.சி.டி.யைப் பார்த்து நேரம் குறித்திருந்தார். நான் இணையத்தில் இருந்ததைப் பார்த்துச் சரிபார்த்தேன். அவர் பிழை செய்யவில்லை. எந்தப் பிரதி என்று அவர் எழுதவில்லை, எழுத வேண்டும் என்று நான் கற்பிக்கவும் இல்லை.

படத்தின் தொடக்கத்தில் வரும் தணிக்கைச் சான்றிதழை எல்லோரும் தாண்டிப் போய்விடுகிறார்கள். ஆய்வாளருக்கு அதைப்போல் உதவும் தாள் வேறில்லை. படத்தின் பெயர், மொழி, சான்றிதழ் எண், நாள், நீளம் எல்லாம் அதில் இருக்கின்றன. முப்பத்தைந்து மில்லிமீட்டர் ஃபிலிமில் ஓர் அடிக்கு 16 ஃப்ரேம். ஆகவே நிமிடத்துக்கு 90 அடி, அதாவது 27 மீட்டருக்குச் சற்று அதிகம். சான்றிதழில் 16,000 அடி என்று இருந்தால் படம் ஏறத்தாழ 178 நிமிடம் ஓடியாக வேண்டும். 4,500 மீட்டர் என்று இருந்தால் 164 நிமிடம். உங்கள் கையில் உள்ள கோப்பு 141 நிமிடமே ஓடுகிறது என்றால், எங்கோ ஏதோ போயிருக்கிறது. போனது ஒரு பாட்டாக இருக்கலாம், நீங்கள் 'இந்தப் படத்தில் இப்படி ஒரு காட்சியே இல்லை' என்று உறுதியாக எழுதப் போகும் அந்தக் காட்சியாகவும் இருக்கலாம். இல்லை என்று எழுதுவதற்கு முன் இந்தப் பெருக்கலைச் செய்து பாருங்கள் என்று நான் எல்லோரிடமும் சொல்கிறேன்.

ஆண்டைப் பற்றிய குழப்பமும் சான்றிதழோடு தொடர்புடையது. ஜெயகாந்தனின் நாவலைக் கொண்டு ஏ. பீம்சிங் இயக்கிய 'சில நேரங்களில் சில மனிதர்கள்' 1977-இல் வெளிவந்தது. அதில் நடித்ததற்காக லட்சுமி பெற்ற தேசிய விருது 1976-ஆம் ஆண்டுக்குரியது. தேசிய விருதுகள் சான்றிதழ் பெற்ற ஆண்டைக் கணக்கில் கொள்பவை; மக்கள் வெளியான ஆண்டைக் கணக்கில் கொள்கிறார்கள். 'உன்னைப்போல் ஒருவ'னுக்கும் இதே நிலைதான். விருது 1964-க்கு, வெளியீடு 1965-இல். இரண்டும் சரி. எதைக் குறிக்கிறோம் என்று சொல்லிவிட வேண்டும். அதே 'உன்னைப்போல் ஒருவன்' என்ற பெயரில் 2009-இல் கமல்ஹாசன் நடித்த வேறொரு படமும் இருக்கிறது. கதைக்கும் கதைக்கும் தொடர்பே இல்லை. ஆண்டும் இயக்குநரும் இல்லாமல் பெயரை மட்டும் எழுதினால் இன்றைய மாணவர் எதை நினைப்பார் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

இணையத்தில் ஏற்றப்பட்ட படங்களைச் சான்றாகக் கொள்ளலாமா என்று அடிக்கடி கேட்கிறார்கள். வேறு வழி இல்லாதபோது கொள்ளலாம் என்பதே என் விடை. உரிமைச் சிக்கலிலிருந்து தப்புவதற்காக இடவலம் மாற்றியும் வேகத்தைக் கூட்டியும் ஏற்றியவை பல. நாயகன் இடக்கையால் எழுதுகிறான் என்று அவற்றைப் பார்த்து முடிவுகட்டக் கூடாது. சப்டைட்டிலைப் பற்றியும் சொல்ல வேண்டும். புதுச்சேரியில் ஆங்கிலத்திலும் பிரெஞ்சிலும் ஆய்வு செய்பவர்கள் அதை அப்படியே மேற்கோளாக எடுத்துக்கொள்கிறார்கள். அது பெயர் தெரியாத ஒருவர் செய்த மொழிபெயர்ப்பு. தமிழ் அறிந்தவர் வசனத்தைக் காதால் கேட்டுத் தாமே எழுதி, தாமே மொழிபெயர்க்க வேண்டும். அறியாதவர் சப்டைட்டில் என்று குறிப்பிட்டுவிட வேண்டும்.

அச்சிட்ட வசனப் புத்தகமும் இதைப் போன்றதே. 'பராசக்தி' வசனத்தைப் புத்தகமாகவும் ஒலித்தட்டாகவும் கேட்டு வளர்ந்த தலைமுறை எங்கள் வீடுகளில் இருந்தது. தணிக்கையில் போன சொல் புத்தகத்தில் இருக்கக்கூடும். படப்பிடிப்பில் மாறிய சொல் புத்தகத்தில் பழையபடியே நிற்கக்கூடும். புத்தகத்திலிருந்து எடுத்ததைப் படத்திலிருந்து எடுத்ததாக எழுதுவது, நான் 1993-இல் செய்ததற்கு மிக அருகில் வருகிறது.

இதுவரை சொன்னது படத்தை எப்படிச் சுட்டுவது என்பது. எதற்குச் சான்றாகச் சுட்டுவது என்பதில்தான் மாணவர்கள் அதிகம் தடுமாறுகிறார்கள். சில ஆண்டுகளுக்கு முன், பாரதியார் புதுச்சேரியில் வாழ்ந்த காலத்தைப் பற்றிய ஒரு கட்டுரையைக் கல்லூரி மலருக்காகத் திருத்தினேன். எழுதியவர் ஆர்வம் மிக்க இளங்கலை மாணவி. கட்டுரையின் செய்திகள் பாதிக்குமேல் ஞான ராஜசேகரன் 2000-இல் எடுத்த 'பாரதி' படத்திலிருந்து வந்தவை; அதை மறைக்காமல் குறிப்பிட்டும் இருந்தார். நேர்மை இருந்தது, ஆனால் சான்று தவறான இடத்தில் இருந்தது. அந்தப் படம் 2000-ஆம் ஆண்டில் ஓர் இயக்குநர் பாரதியை எப்படி எண்ணிப் பார்த்தார் என்பதற்கு முதல்தரமான சான்று. பாரதி புதுச்சேரியில் என்ன செய்தார் என்பதற்கு, மற்ற நூல்களைப் படித்து ஒருவர் உண்டாக்கிய மறுபடைப்பு. பாரதி 1908-இல் புதுச்சேரிக்கு வந்து, 1918 நவம்பர் 20-இல் அதன் எல்லையைக் கடந்ததும் கைதாகி, டிசம்பர் 14 வரை எங்கள் கடலூரில் சிறையில் இருந்தார். அங்கிருந்து அவர் சென்னை ஆளுநருக்கு எழுதிய விண்ணப்பம் அச்சில் கிடைக்கிறது. கைப்பட எழுதிய மனிதரின் சொல் அருகிலேயே இருக்கும்போது, எண்பது ஆண்டு கழித்து நடித்தவர் வாயால் வந்த சொல்லுக்கு ஏன் போக வேண்டும் என்று மாணவியிடம் கேட்டேன். கட்டபொம்மனுக்கும் இது பொருந்தும். அவர் 1798-இல் இராமநாதபுரத்தில் ஆங்கிலேயக் கலெக்டர் ஜாக்சனைச் சந்தித்தது வரலாறு. அந்தச் சந்திப்பில் பேசியதாக நாம் எல்லோரும் மனப்பாடமாகச் சொல்லும் வசனம் 1959-இல் வந்த படத்துக்காகச் சக்தி டி.கே. கிருஷ்ணசாமி எழுதியது. அந்த வசனத்தைப் பற்றி எவ்வளவு வேண்டுமானாலும் எழுதலாம், கிருஷ்ணசாமியின் பெயரில் எழுத வேண்டும்.

இன்னொரு புறம், பார்க்கவே முடியாத படங்களை என்ன செய்வது? ஆர். நடராஜ முதலியாரின் 'கீசக வதம்' தென்னிந்தியாவின் முதல் மௌனக் கதைப்படம்; அதன் ஆண்டு 1916 என்றும் 1917 என்றும் 1918 என்றும் நூலுக்கு நூல் மாறுகிறது, பிரதி இல்லை. 1931 அக்டோபர் 31-இல் வெளிவந்த 'காளிதாஸ்', தமிழின் முதல் பேசும் படம். அதற்கும் பிரதி இல்லை. நம்மிடம் இருப்பவை பாட்டுப் புத்தகம், செய்தித்தாள் விளம்பரம், அன்றைய விமர்சனம் ஆகியவையே. தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகம் புனேயில் தொடங்கப்பட்டது 1964-இல். அதற்குள் எத்தனையோ படப்பெட்டிகள் அழிந்துவிட்டன. 'காளிதாஸ் படத்தில் டி.பி. ராஜலட்சுமி இவ்வாறு பாடுகிறார்' என்று ஒருவர் எழுதும்போது, அவர் பார்த்தது பாட்டுப் புத்தகத்தை. அப்படியே எழுதினால் என்ன குறைந்துவிடும்? சென்னை ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் போன்ற இடங்களில் உட்கார்ந்து பொடிந்துபோகும் பாட்டுப் புத்தகத்தைப் புரட்டியவர், அந்த உழைப்பையே மறைத்துவிட்டுப் படம் பார்த்தவர்போல் எழுதுவது எனக்கு வருத்தமாக இருக்கிறது.

தமிழ் படித்தவர்களுக்கு இது புதிய நிலைமை இல்லை. ஐம்பெருங்காப்பியங்களுள் ஒன்றான வளையாபதி நமக்குக் கிடைக்கவில்லை. கிடைத்திருப்பவை எழுபதுக்குச் சற்று அதிகமான செய்யுள்கள். உரையாசிரியர்கள் மேற்கோளாகக் காட்டியதாலும் புறத்திரட்டு போன்ற தொகுப்பில் சேர்த்ததாலும் தப்பியவை. அவற்றுள்ளும் நூற்பெயர் சொல்லாமல் செய்யுளை மட்டும் எடுத்துக்காட்டிய இடங்களில், இது எந்த நூலைச் சேர்ந்தது என்று அறிஞர்கள் இன்றுவரை வாதிட வேண்டியிருக்கிறது. ஓர் உரையாசிரியர் 'இது வளையாபதி' என்று ஒரு சொல் எழுதியிருந்தால் போதும். அதே பெயரில் 1952-இல் மாடர்ன் தியேட்டர்ஸ் எடுத்த 'வளையாபதி'க்கு வசனம் எழுதியவர் புதுச்சேரிப் பாவேந்தர். காப்பியத்தைப் பாதுகாத்த அளவுக்காவது படத்தைப் பாதுகாத்தோமா என்று அந்தப் பெயரைக் காணும்போதெல்லாம் எனக்குத் தோன்றும். இன்று ஒரு வி.சி.டி.யைப் பார்த்து எழுதும் மாணவர், ஐம்பது ஆண்டுக்குப் பின் அந்தப் படத்தைப் பார்த்த கடைசி மனிதர்களில் ஒருவராக ஆகிவிடக்கூடும்.

புதுச்சேரி மாணவரிடம் இவற்றையெல்லாம் அன்று மாலை வரை பேசிக்கொண்டிருந்தேன். அவர் பொறுமையாகக் குறித்துக்கொண்டார். கடைசியில் ஓர் இடத்தைக் காட்டி, "அம்மா, இதுக்கு மட்டும் என்ன போடறதுன்னு தெரியலை" என்றார். மூன்றாம் இயலில் ஒரு பத்தி. 'பராசக்தி' ஓடியபோது கடலூர் அரங்கில் பெண்கள் பகுதியில் மக்கள் எப்படி வசனத்தைக் கூடவே சொன்னார்கள், நீதிமன்றக் காட்சி முடிந்ததும் எப்படி அமைதி நிலவியது என்பது விரிவாக எழுதப்பட்டிருந்தது. ஆய்வேட்டிலேயே உயிருள்ள பத்தி அதுதான். அதன்கீழும் 'பஞ்சு, கிருஷ்ணன் (2014)' என்றே இருந்தது.

"தம்பி, இது உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்றேன்.

"எங்க ஆயா சொல்வாங்க. அவங்க முதுநகர்ல இருந்தப்போ பார்த்தது. அதையெல்லாம் ஆய்வேட்டுல போட முடியாதுன்னு நெனச்சேன்."

ஆயா இருக்கிறாரா என்று கேட்டேன். இருக்கிறார், தொண்ணூறை நெருங்குகிறார், ரெட்டிச்சாவடியில் அத்தை வீட்டில் இருக்கிறார் என்றார். அன்றைக்கே போகச் சொன்னேன். புதுச்சேரிப் பேருந்து எப்படியும் அந்த வழியாகத்தானே போகிறது.

பத்து நாள் கழித்துத் திருத்திய வரைவு மின்னஞ்சலில் வந்தது. பட்டியலில் 'பராசக்தி' என்ற பதிவு இரண்டரை வரிக்கு நீண்டிருந்தது: இயக்கம் ஆர். கிருஷ்ணன், எஸ். பஞ்சு, திரைக்கதை வசனம் மு. கருணாநிதி, பாவலர் பாலசுந்தரத்தின் நாடகத்தைத் தழுவியது, 1952, பார்த்த பிரதி இணையத்தில் உள்ளது, ஓடும் நேரமும் பார்த்த நாளும் குறிக்கப்பட்டிருந்தன. அதற்குக் கீழே 'நேர்காணல்கள்' என்று புதிய தலைப்பு. அதில் ஒரே ஒரு பதிவு. ஆயாவின் பெயர், வயது, ஊர், பேசிய நாள். அதன் அருகே அடைப்புக்குறிக்குள், 'படத்தைப் பார்த்த ஆண்டு நினைவில்லை என்கிறார். திருமணத்துக்கு முன் என்பது மட்டும் உறுதி' என்று இருந்தது.